அளத்தூர்ப் பள்ளிக்குக் கேட்ட மேற்பாடம்

வளம் பெருகுக. நெறி வழுவாதிருக்க.

செழுங்கரை நாட்டின் ஏழு துறைக்கும் காவலரும், சங்குக் கொடி உயர்த்தியவரும், நெடுவாயில் மாநகரில் அரியணை வீற்றிருப்பவருமாகிய கோமான் நெடுவாகையனார் திருவாணைப்படி, அவர்தம் அரசோலை எழுதும் அமைச்சன் ஆதன் பெருஞ்சாத்தன், கீழைக்கூற்றத் தலைவர் மானவிறல்கிழாருக்கு விடுக்கும் ஓலை. உம் ஏரிகள் வற்றாதிருக்க. உம் கலங்கள் கரை சேர்க. உம் இல்லத்தார் பிணியின்றி வாழ்க.

இவ்வோலை வரும் வண்டியில் ஒரு சிறுமியும் வருவாள். பெயர் எயினி, வயது பத்து, உம் கூற்றத்து அளத்தூர் உப்பளத்துச் சேந்தியின் மகள். அவளை ஏன் திருப்பி அனுப்புகிறோம் என்பதை அவள் தாய்க்கு நீரே சொல்ல வேண்டியிருப்பதால், நடந்ததைச் சுருக்காமல் எழுதுகிறோம்.

அளத்தூரில் அரசர் நிறுவிய பொதுப்பள்ளி ஒன்று உண்டு என்பதை நீர் அறிவீர். எழுத்தும் எண்ணும் மூன்றாம் சுவடி வரை அங்கே கற்பிக்கப்படும். அதற்கு மேல் இல்லை. பங்குனியில் உப்பு விளையத் தொடங்கியதும் பள்ளியைப் பூட்டி, ஆடி கழிந்த பின்னரே திறப்பது வழக்கம். சேந்தியின் மூத்த மகன் ஐந்தாண்டு பள்ளி சென்றான். ஐந்தாண்டும் முதற்சுவடியைத் தாண்டவில்லை. கோடையில் பாத்தியில் நின்று உப்பு வாரும் பிள்ளை, ஆவணியில் எழுத்தையே மறந்து வந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத சேந்திதான் இதை முதலில் கண்டுகொண்டாள். பள்ளி ஆசிரியர் நன்னாகனாரிடம் அவள் சென்று கேட்டதை, அவர் எமக்கு எழுதியனுப்பியவாறே தருகிறோம்.

“கோடையில மறந்தத கத்துக்கவே வருசம் போயிடுது, ஐயா. என் மவன் காலம் போயிடுச்சு. இவளாச்சும் படிக்கட்டும். இருக்குற மூணு சுவடியையும் முடிச்சிட்டு அடுத்தது எங்கன்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்லுவேன்?”

அடுத்த சுவடி நெடுவாயிலில், அலுவலர் மக்கள் பயிலும் மேற்பள்ளியில் மட்டுமே உண்டு என்றார் ஆசிரியர். கோடையில் வாசிக்கச் சுவடிகளையாவது தரலாகாதா என்று அவள் கேட்டாள். சுவடிகள் அரண்மனை உடைமை, உப்புக்காற்றில் கெட்டுப்போகும் என்று அவர் மறுத்தார். சேந்தி சண்டையிடவில்லை. மறுநாள் பத்துப் பெற்றோரைத் திரட்டிக்கொண்டு வந்து, படியெடுக்க மட்டும் இசைவு கேட்டாள். நன்னாகனார் தாமே பொறுப்பேற்று இசைந்தார்.

பனையோலையை நறுக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மஞ்சள் பூசி அடுக்கியது பெற்றோர், படியெடுத்தது எயினி. உச்சிவேளையில் பாத்திநீர் கொதிக்கும்போது அளத்தார் கொட்டகையில் ஒதுங்குவார்கள். அந்தச் சிறுபொழுதில் பதினான்கு பிள்ளைகள் அங்கே அமர்ந்து வாசித்தார்கள். உப்பு கடித்த விரல்களால் ஏட்டைப் புரட்ட முடியாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் புரட்டிக் கொடுத்தார்கள். அவ்வாண்டு ஆவணியில் பள்ளி திறந்தபோது ஒரு பிள்ளையும் எழுத்தை மறந்து வரவில்லை. நன்னாகனார் அன்று வகுப்பில் அழுதுவிட்டதாக எழுதியிருந்தார்.

அதன் பின்னரே அவர்கள் மேற்பாடம் கேட்டு நெடுவாயிலுக்கு நடந்து வந்தார்கள். ஒன்பது நாள் வழி. அரண்மனை வாயிலில் இருபத்துமூன்று நாள் காத்திருந்தார்கள். அவர்களை அவைக்கு அழைத்துச் சென்றவர் யாமே. அளத்தூர்ப் பள்ளிக்கு இலக்கணமும் உயர்கணிதமும் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும், கோடையிலும் சுவடியறை திறந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் விண்ணப்பம். எயினியைக் கண்ட அரசர், ஒரு பாத்தியில் மூன்று நாளுக்கு ஐந்து கூடை உப்பு விளைந்தால், பதினெட்டுப் பாத்தியில் நாற்பத்தைந்து நாளில் எத்தனை என்று வினவியருளினார். அவள் விரலைக்கூட மடக்கவில்லை.

“ஆயிரத்து முந்நூத்தி அம்பது கூடை, ராசா. நடுவுல மழை பேஞ்சா கொறையும்.”

அவை சிரித்தது. அரசரும் மகிழ்ந்து, இச்சிறுமியை மேற்பள்ளியில் சேர்க்க அக்கணமே ஆணையிட்டார். சேந்தி கூப்பிய கையை இறக்காமல் நின்றாள்.

“மத்த புள்ளைங்க, ராசா?”

ஏனையோர் குறித்து அவையம் ஆராயும் என்று அரசர் அருளினார். அச்சொல்லின் பொருள் அவையில் நின்ற அனைவருக்கும் தெரியும். சேந்திக்கும் தெரிந்திருந்தது, அவள் முகத்தில் அதைக் கண்டோம். பதினான்கு பிள்ளைகளுக்குக் கேட்டு ஒன்றுக்குப் பெற்றவள், அதை வேண்டாம் என்று சொல்லவும் வாய் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். மேற்பள்ளி வாசலில் மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டு, “நல்லா படி. அம்மா வாசல்லதான் நிக்கிறேன்னு நெனச்சுக்க” என்று சொல்லிப் போனாள்.

திரும்பும் வழியில் உடன்வந்தோர் அவளோடு பேசவில்லை என்று நன்னாகனார் பின்னர் எழுதினார். ஒன்பதாம் நாள், ஊர் எல்லையில், மருதாடன் என்னும் தந்தை மட்டும் பேசினான். இரண்டு பிள்ளைகளைக் கொட்டகையில் வாசிக்க விட்டவன் அவன்.

“ஒனக்குக் கெடைச்சிருச்சு, சேந்தி. இனிமே எங்களுக்காக நீ என்னத்தப் பேசுறது?”

ஆயினும் அவள் ஓயவில்லை. மாதந்தோறும் நன்னாகனாரைக் கொண்டு எமக்கு ஓலை எழுதுவித்தாள். யாமும் மாதந்தோறும் அவையத்தில் வைத்தோம். மாதந்தோறும் அது அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டது. பெற்றோர் ஒவ்வொருவராக விலகினர். சென்ற ஆண்டுப் பங்குனியில் கொட்டகையில் வாசிக்க வந்தோர் மூன்று பிள்ளைகளே. அந்த மூவரையும் அளத்தலைவர் பொறுக்கவில்லை. உச்சிவேளை ஓய்வு உழைப்புக்காகத் தரப்பட்டது, ஓலைக்காக அன்று என அவர் முறையிட்டார்.

இங்கே எயினி எட்டுத் திங்களில் தன் வகுப்பின் தலையிடத்துக்கு வந்தாள். அதுவே அவளுக்குக் கேடாயிற்று. மேற்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் திரண்டு வந்து விண்ணப்பித்தனர். அவர்களைத் தீயோர் என்று எழுதமாட்டோம். தம் மக்கள் உயர வேண்டும் என்று அவர்களும் விரும்பினார்கள். அரசப்பணி செய்வோர் மக்களுக்கென்றே அமைந்த பள்ளி அது, இன்று ஒருத்திக்கு இடம் விட்டால் நாளை அளத்தூர் முழுதும் வந்து நிற்கும் என்றார்கள். அவையம் அரைநாளில் முடிவு கண்டது. யாம் எழுந்து மறுத்தோம். எம்மோடு எழுந்தவர் ஒருவரும் இல்லை. அரசர் அம்முடிவுக்கு முத்திரையிடும்போது சாளரத்தை நோக்கியிருந்தார்.

ஆகவே ஆணை இது. அளத்தூர்ப் பள்ளி மூன்றாம் சுவடியோடு நிற்க. பங்குனி முதல் ஆடி வரை அது பூட்டியே இருக்க. அரசர் இசைவின்றி வெளியே புழங்கும் சுவடிப்படிகளைத் திரட்டி நெடுவாயிலுக்கு அனுப்புக. எயினியைத் தாயிடம் ஒப்படைத்து, அவள் பெயரை இவ்வாண்டு உப்பளப் பணிப் பட்டியலில் சேர்க்க. இவற்றைத் தாழ்த்தாமல் நிறைவேற்றுவது உமது கடன்.

இனி வருவது ஆணையன்று, எம் வேண்டுதல். காவலரை அனுப்பாமல் நீரே சேந்தியின் வீட்டுக்குச் செல்வீராக. உன் மகள் தோற்கவில்லை என்று சொல்வீராக. நீ கேட்டது தவறன்று என்றும் சொல்வீராக. அவள் உம்மை நம்புவாள் என்று எமக்குத் தோன்றவில்லை. யாமும் ஒருமுறை அவளிடம், அரசர் செவியில் விழுந்தால் போதும், எல்லாம் நடக்கும் என்று சொன்னோம். அவள் எம்மை நம்பித்தான் வாயிலில் இருபத்துமூன்று நாள் கிடந்தாள்.

முத்திரையிடுமுன் எயினி இவ்வோலையை வாசிக்கத் தருமாறு கேட்டாள். தடுக்க எமக்கு மனம் வரவில்லை. ஏடு ஏடாக, தடையின்றி, இறுதிவரை வாசித்தாள். அழுவாள் என்று எண்ணினோம், அழவில்லை. ஓரிடத்தில் எம் எழுத்தர் ளகரம் எழுத வேண்டிய இடத்தில் லகரம் எழுதியிருந்ததை மட்டும் விரல் வைத்துக் காட்டினாள். திருத்திக்கொண்டோம். ஏடுகளை வரிசை பிசகாமல் அடுக்கி எம் கையில் தந்துவிட்டு, வெளியே சென்று வண்டியில் ஏறி அமர்ந்தாள்.

ஆணை அரசருடையது, எழுத்து எம்முடையது. நெடுவாயில், பங்குனித் திங்கள் நான்காம் நாள். சங்கு முத்திரை பதித்தோம்.