நட்டாற்றில் ஒரு பகல் இருந்த வீடு

அன்பு மகள் ரோசில்டாவுக்கு அப்பா எர்மீனியோ எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் அம்மாவும் கோழிகளும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சாவ் பாவுலோ குளிரில் சுகமாக இருக்கிறீர்களா என்று ஆறு ஏறும்போதும் நினைக்கிறோம், இறங்கும்போதும் நினைக்கிறோம். இது என் சொந்தக் கையெழுத்து மகளே. இதுவரை நான் சொல்லச் சொல்ல யாராவது எழுதினார்கள், அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள். கோயில் வகுப்பில் பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் உன் அம்மா ஒரு மீனைக் கழுவி அரிந்து முடித்துவிடுகிறாள். நீயும் மெதுவாகப் படி.

வீட்டை மாற்றிவிட்டோம். பயப்படாதே, முழுதும் கேள். மேலே மழை குறைந்து ஆறு இளைத்ததும் கடல் உள்ளே வருவது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த வருஷம் அது வந்தது மட்டுமில்லாமல் நம்மோடு குடியும் இருந்துவிட்டது. கடல் இறங்குகிற வற்றத்தின் கடைசியில் மேல்தண்ணீரை அள்ளினால்கூட உப்பு. அஸாயிப் பனைக் குலைகள் பிஞ்சிலேயே காய்ந்தன. கரையும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இடிந்து இடிந்து, கோழிக்கூடு இருந்த இடத்தில் மீன் துள்ளியது. எங்களோடு வந்து இருங்கள், நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரும் என்று நீ சொல்லி அனுப்பியதை அம்மாவிடம் சொன்னேன். அவள் மழைத்தண்ணீர்ப் பீப்பாய்களின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கரையில் உன் ஞானத்தகப்பன் வல்டெமீரின் படகுத்துறைக்குப் பக்கத்தில் போய் இருப்பது என்று முடிவானது.

பௌர்ணமிப் பெருக்கு முடிகிற நாள். கூரையைப் பிரித்துவிட்டு, சுவரும் தரையுமாக வீட்டைக் கட்டுமரத் தெப்பத்தில் ஏற்றி, வல்டெமீர் தன் படகால் இழுத்தான். அம்மா வீட்டுக்குள்ளேயே அடுப்பை எரியவிட்டு உட்கார்ந்திருந்தாள், காலியாகப் போகிற வீடு வழி தவறும் என்பார்களே, அதற்காக. விடியலில் நிறைபெருக்கில் கிளம்பினோம். வல்டெமீர் போன வருஷத்து வழியிலேயே விட்டான். அங்கே ஆழம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்தது ஆற்றுக்குத் தெரியவில்லை. நடு ஆற்றில் தெப்பம் ஒரு பெருமூச்சு விட்டது போல நின்றது, தண்ணீரும் அப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது.

வெயில் ஏற ஏற எங்களைச் சுற்றிச் சேறு எழுந்தது. சுற்றிலும் ஆறு, நடுவில் பளபளவென்று ஒரு புதுத் தரை, அதன்மேல் நம் வீடு, சன்னலில் புகை. நான் இறங்கி நடந்தேன். முழங்கால் வரை புதைந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. ஓரிடத்தில் கறுப்பாக ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தால் நம் பழைய படகுத்துறையின் கால். போன மாரியில் சரிந்ததே, அதே கால்தான், நான் போட்ட வெட்டு அப்படியே இருக்கிறது. நம் கரை இடிந்து எங்கேயோ ஒழிந்துபோனது என்று நினைத்திருந்தேன் மகளே. அது தண்ணீருக்கடியில் மெல்ல நடந்து வந்து இங்கே படுத்திருக்கிறது. நான் கத்திச் சொன்னதும் வல்டெமீர் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்தன. அடேய், ஊரை விட்டுப் போறேன்னு கிளம்பி உன் கொல்லையிலயே வந்து உக்காந்துட்டியேடா என்றான். உள்ளேயிருந்து அம்மா, கொல்லைதானே, ரெண்டு பேரும் அப்படியே களை பறிங்க, இறால் வேக இன்னும் நேரம் இருக்கு என்றாள். சாப்பிட்டோம். நட்டாற்றில் வீட்டு வாசலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கீழே நண்டுகள் ஓட, இறாலும் மரவள்ளி மாவும் சாப்பிட்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காற்றுகூடத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் வல்டெமீர் கையைக் கழுவியதும் சிரிப்பை விட்டான். இனி வருகிற ஒவ்வொரு பெருக்கும் முந்தினதைவிடக் குட்டை. சாயங்காலப் பெருக்கு தூக்காவிட்டால் அமாவாசை வரை வீடு இங்கேதான், அதற்குள் நீரோட்டம் பலகை பலகையாகப் பிரித்துவிடும். தங்கச்சி, பாரம் குறையணும், தெப்பத்துல கனமா இருக்கறது ஒண்ணுதான் என்று அம்மாவிடம் சொன்னான், எது என்று சொல்லவில்லை. அந்தப் பீப்பாய்கள்தான். மழை வரும்வரை எங்களுக்கிருந்த நல்ல தண்ணீர் அவ்வளவும் அதில்தான். நான் எழுந்தேன். நீ தொடாதே கிழவா, நான் பிடிச்ச தண்ணி, நானே ஊத்தறேன் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டு சேற்றில் ஓடியது. அவள் அழவில்லை, கடைசிப் பீப்பாயில் மட்டும் கை சற்று நேரம் நின்றது.

பெருக்கு வந்தது. சேற்றின் விளிம்பில் முதலில் நுரை, பிறகு உப்பு வாசனை. தெப்பம் ஒரு பக்கம் அசைந்தது, மறுபக்கம் அசையவில்லை, நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், நான் மூச்சு விட்டால் பாரம் கூடிவிடும் போல. பிறகு எங்கும் சத்தமில்லாமல் வீடு மிதந்தது. மிதந்த வேகத்தில் ஓட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. வல்டெமீரின் எந்திரம் இருமியதே தவிர இழுக்கவில்லை. அவன் துறை எங்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போனது, அவன் மனைவி கரையில் நின்று துணியை வீசி, எங்கய்யா போறீங்க என்று கத்தினாள். எங்களுக்கே தெரியாது. கடல் தள்ளத் தள்ள உள்ளே உள்ளே போய், ஒரு ஓடைக்குள் நுழைந்து, அதன் வளைவில் மரங்களுக்கிடையே வீடு தானாக ஒதுங்கி நின்றது. ஏறிய பெருக்கும் அங்கே வந்து களைத்து நின்றுவிட்டது. அம்மா வாசலில் குனிந்து சுரைக்குடுவையால் அள்ளிக் குடித்தாள். உப்பே இல்லை, மறுபடியும் அள்ளிக் குடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, கயித்தைக் கட்டு என்றாள்.

ஓடைக்குச் சொந்தக்காரியான விதவை நசாரேயிடம் மறுநாள் போய்க் கேட்டோம். ஆறு கொண்டாந்து விட்டதைத் தள்ளிவிட நான் யாரு, பக்கத்துல ஒரு அடுப்பு எரிஞ்சா எனக்கும் துணைதான் என்றாள். கூரை போட்டாயிற்று.

ஆகவே மகளே, நீ கூப்பிட்டதற்கு எங்கள் இருவர் நெஞ்சும் குளிர்ந்தது, ஆனால் நாங்கள் வரவில்லை. மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாமல் பேசு, குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உங்கள் இருவரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும், சீக்கிரம் ஒரு குழந்தையும் தரட்டும். மாரியில் வரும்போது பெருக்கோடு வா, படகுக்காரனிடம் நசாரே ஓடை வளைவு என்று சொல். என்ன வேண்டுமானாலும் கொண்டுவா, தண்ணீர் மட்டும் சுமந்துவராதே.

உன் அப்பா
எர்மீனியோ, தன் கையால்