வாக்கில்லாத நாங்கள் கேட்ட இரண்டு கேள்விகள்

நேற்று மத்தியானம் அடுப்பில் பருப்பு அவிந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு இளம்பெண். வரும் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பேன் என்று முதலில் கேட்டாள். பிறகுதான் வாக்களிக்கப் போவேனா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லித் தொலைபேசியை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அந்தப் பிள்ளையை மறித்து, கேள்விகளின் ஒழுங்கு பிழை என்று அரைமணி நேரம் கதைத்திருப்பாய். பருப்பும் அடிப்பிடித்திருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், சுவிஸில் சோலோதுர்ன் நகரில், நாம் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தோம். இருவருடைய அகதி வழக்குக்கும் முடிவு வரவில்லை. நாட்டை விட்டு வர முன்பு நீ கொழும்பில் ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய், எந்தச் சோப்பு பாவிக்கிறீர்கள் என்று விசாரிக்கும் வேலை செய்தவள். "நான் ஊர் முழுக்க சோப்பு விசாரிச்சவள்" என்று பெருமையாகச் சொல்லுவாய். அந்த அனுபவம் இங்கே எதற்காவது உதவும் என்று நாம் இருவருமே நினைத்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் நமக்கு இலவசமாக ஜெர்மன் சொல்லித்தந்த ஃப்ராவ் மோசர் என்ற சுவிஸ் பெண்மணி ஒருநாள் முகம் வாடி வந்தார். கன்டோன், அதாவது மாநிலப் பாராளுமன்றத் தேர்தலுக்கு அவருடைய கட்சி வேட்பாளர்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தது. எங்கள் பகுதியில் ஒரு இடம்தான் மிச்சம். அதற்கு அவரும் ஒரு மரவியாபாரியும் போட்டி. நகரத்துக் கட்சி அங்கத்தவர்கள் ஒரு மாலை மண்டபத்தில் கூடி, வாக்களித்து ஒருவரைத் தெரிவு செய்வார்கள். பல வருடங்களாக அதே கட்சியின் கூட்டங்களில் கோப்பி ஊற்றிக் கொடுத்தவர் அவர். இப்போது போட்டியிலிருந்து விலகப்போவதாகச் சொன்னார்.

"எல்லாரும் மரவியாபாரியைத்தான் விரும்புகிறார்கள்" என்றார்.

நீ பென்சிலை வைத்துவிட்டு உன் அரைகுறை ஜெர்மனில் கேட்டாய்: "எல்லாரும் என்றால் யார்? கேட்டீர்களா?"

அவர் யாரையும் கேட்டிருக்கவில்லை. "நாங்கள் கேட்கிறோம்" என்று நீ சொன்னபோது நான் மேசைக்குக் கீழே உன் காலில் உதைத்தேன். நீ காலை இழுத்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் என் அண்ணை குதித்தார். "உங்களுக்கென்ன விசரோ? அரசியலுக்க தலையைக் குடுத்தா வெளிநாட்டவர் பொலிஸ் வந்து நிக்கும். வழக்கு முடியமுந்தியே ஏத்தி அனுப்பிப்போடுவான்." அந்தப் பயம் எனக்கும் இருந்தது. உனக்கும் இருந்திருக்கும். ஆனால் நீ அடுத்த நாளே அந்த வெளிநாட்டவர் பொலிஸ் அலுவலகத்துக்கே போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம், ஆட்களிடம் கேள்வி கேட்பது இந்த நாட்டில் குற்றமா என்று கேட்டுவிட்டு வந்தாய். கேட்பது குற்றமில்லை, பதில் வாங்குவதுதான் கஷ்டம் என்றாராம்.

"எங்களுக்கு வோட்டில்லை. அதுதான் நல்லது" என்றாய் நீ. "கட்சிக்காரர் போய்க் கேட்டா முகத்துக்காகச் சொல்லுவினம். எங்களுக்குப் பொய் சொல்லி ஆருக்கு என்ன லாபம்?"

சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, ஃப்ராவ் மோசர் தந்த கட்சி அங்கத்தவர் பட்டியலோடு வீடு வீடாகப் போனோம். இரண்டே கேள்விகள். அன்று கூட்டத்துக்கு வருவீர்களா? வந்தால் யாருக்கு? பேரைச் சொன்ன பிறகு கேட்டால் எல்லோரும் வருவேன் என்றுதான் சொல்லுவார்கள் என்பதால் வருகையை முதலில் கேட்க வேண்டும் என்றாய். முதல் வீட்டு மணியை அழுத்த என் கை வரவில்லை. நீ என் விரலைப் பிடித்து அழுத்திவிட்டு ஒரு அடி பின்னுக்குப் போய் நின்றாய்.

ஜெர்மனில் 'ஷ்டிம்மே' என்றால் வாக்கும் அதுதான், குரலும் அதுதான். ஒரு அம்மாவிடம், அன்றைக்கு உங்கள் ஷ்டிம்மேயைக் கொடுப்பீர்களா என்று நான் கேட்டேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டு, தன்னுடையது தாழ்ந்த குரல், கட்சிக்கூட்டத்தில் பாட்டும் உண்டென்பது தெரியாது என்றார். நீ சுவர்ப்பக்கம் திரும்பி இருமினாய். இன்னொரு வீட்டில் ஒரு கிழவர் அப்பிள் சாறு தந்து, மரவியாபாரிதான் சரியான ஆள் என்று நெடுநேரம் விளக்கினார். கூட்டத்துக்குப் போவாரா என்றால், இரவுச் சூப் குடித்த பிறகு தான் வாசலைத் தாண்டுவதில்லை என்றார். இடுப்பில் பிள்ளையோடு கதவைத் திறந்த ஒரு இளம்தாய், "ஃப்ராவ் மோசருக்குத்தான் போடுவேன், ஆனால் கூட்டத்துக்குப் போகிறது என் கணவர். பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்றாள். அதன்பிறகு அதே பதில் வாசலுக்கு வாசல் வந்தது.

முடிவைச் சொல்ல ஃப்ராவ் மோசர் வீட்டுக்குப் போகும் வழியில் நான் உன்னைக் கெஞ்சினேன். "பாவம் மனுசி. கொஞ்சம் பாத்துச் சொல்லன்."

"பாத்துத்தானே சொல்லப்போறன்" என்றாய்.

உள்ளே போனதும் ஒளிக்காமல் சொன்னாய்: "நீங்கள் தோற்பீர்கள். உங்களை விரும்புகிறவர்கள்தான் கூட. ஆனால் அவர்கள் வரமாட்டார்கள். வீட்டில் பிள்ளைகள்."

அவர் மெல்லச் சிரித்தார். "அப்படியென்றால் நான் விலக வேண்டியதில்லை. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்." எங்களைப் பார்த்தார்.

நீ என் பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தாய். "கேட்ட ஆக்களே போய் உதவி செய்தா அது கணிப்பில்லையடி."

"கணிப்பு முடிஞ்சுது. இது பிள்ளை பாக்கிற வேலை" என்றேன். உன்னோடு கதைத்து நான் வென்ற ஒரே நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

தாய்மாருக்கு ஃப்ராவ் மோசரே சொல்லியனுப்பினார். அன்று மாலை அந்த அறை பிள்ளைகளால் நிரம்பியது. கொஞ்சநேரம் அழுகை. நம் ஜெர்மன் அவர்களுக்கு விளங்கவில்லை, அவர்களுடைய சுவிஸ் ஜெர்மன் நமக்கு விளங்கவில்லை. நீ சோக்கட்டியை எடுத்து, கதிரைகளைத் தள்ளிவிட்டு, தரையில் கோடு கீறிக் கிளித்தட்டு தொடங்கினாய். கோட்டில் நின்று மறிக்கிறவள் நீ. மூச்சு வாங்க, கைகளை விரித்துக்கொண்டு நீ ஓடின ஓட்டம். சுவருக்கு அப்பால் பேச்சுகள் கேட்டன. பிறகு அமைதி. பிறகு பெரிய கைதட்டல். யாருக்கு என்று தெரியவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கவும் முடியாது. நான் கதவடியில் நின்று தவித்தேன். நீ கோட்டிலிருந்து அசையவில்லை.

கதவைத் திறந்து வந்தவள் அந்த இளம்தாய். "கொஞ்ச வாக்குத்தான் வித்தியாசம். ஆனால் ஃப்ராவ் மோசர்தான்" என்றாள். நான் உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ சோக்குக் கையோடு அப்படியே நின்றாய்.

"அப்ப என்ர கணிப்புப் பிழைச்சுப்போச்சு" என்றாய். உண்மையாகவே உனக்குக் கவலை. ஃப்ராவ் மோசர் வந்து உன் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னபோதும் நீ அவரிடம் மன்னிப்புத்தான் கேட்டாய். ஆரே ஆற்றுப் பாலத்துக்கு வந்த பிறகுதான் உனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

அதன்பிறகு வந்த தேர்தலில் அவர் கன்டோன் பாராளுமன்றம் போனார். நம் இருவருடைய வழக்குகளும் ஒருவழியாக நல்லபடி முடிந்தன. நீ கல்யாணம் முடித்து, பிரெஞ்சு பேசும் லா ஷோ-து-ஃபோன் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்குப் போய், பிரெஞ்சிலும் ஆட்களைக் கேள்வி கேட்கப் பழகிக்கொண்டாய். போன மாரியில், பனி கொட்டின ஒரு நாளில், உன் இறுதிச்சடங்கில் உன்னை வழியனுப்ப வந்த கூட்டத்தில் பாதிப்பேர் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். ஒவ்வொருவரும் நீ தங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்று ஒரு கதை வைத்திருந்தார்கள்.

போன கிழமை எங்கள் மேல்மாடிக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது. எந்த நாடு, என்ன மொழி, யாருக்கும் தெரியவில்லை. படிக்கட்டில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள், அவர்களோடு கதைக்க முடியாது என்று கட்டடத்தில் சொல்லிக்கொண்டார்கள். நான் ஒரு கேக் துண்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். இப்போது என் விரலை யாரும் பிடித்து அழுத்த வேண்டியதில்லை. மணியை அடித்துவிட்டு, உன்னைப்போல ஒரு அடி பின்னுக்குப் போய் நின்றேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது.