குட்டியின் அல்லித் தொட்டி

ஏப்ரல் 6

வீட்டுத் தோட்டத்துச் சின்னக் குளத்தின் தண்ணீர் இன்றைக்கும் பச்சை. கீரையை அரைத்து ஊற்றின மாதிரி. மீன் இருக்கிறதா போய்விட்டதா, தெரியவில்லை. அல்லி இலையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இடம் இல்லாமல் தண்ணிக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. பூ ஒன்றுகூட இல்லை.

மாப்பிள்ளை ஆபீஸ் கிளம்பும்போது ஒரு கை உர மாத்திரையை அள்ளித் தண்ணீரில் வீசிவிட்டுப் போனார். வாராவாரம் இதே வேலை. என் மகள் குட்டி போய் ஆறு மாதம். அவளுக்குச் செய்ய முடியாததையெல்லாம் குளத்துக்குள் அவள் வைத்த அல்லித் தொட்டிக்குச் செய்கிறார். தண்ணியில போட்டா பாசிதான் தின்னும், செடிக்கு என்ன கிடைக்கும்? வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 9

சொல்லிவிட்டேன். காலையில் டீ கொடுக்கும்போது.

"மாப்பிள்ளை, அந்தத் தொட்டிய வெளிய எடுத்து, கிழங்கை வெட்டிப் பிரிச்சு வெக்கணும். உரம் போட்டுப் பிரயோஜனம் இல்ல. உள்ள வேர் போக எடமே இல்ல."

"அது அவ வெச்சது அத்தை. யாரும் தொட வேண்டாம்."

"தொடாம விட்டா செத்துரும்."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாதி டீ அப்படியே.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேற வார்த்தையா இல்ல?

ஏப்ரல் 10

குட்டி இருந்திருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுத் திட்டியிருப்பா.

ஏப்ரல் 15

செய்துவிட்டேன். அவர் கிளம்பினதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினேன். முழங்கால் தண்ணீர்தான். தொட்டி வேர் தாங்காமல் பக்கவாட்டில் பிளந்திருந்தது. கனம் என்றால் அப்படி ஒரு கனம். இழுத்துப் போட்டுக் கவிழ்த்தால், வேர் தொட்டி வடிவத்திலேயே வந்து விழுந்தது, கயிறு சுற்றி வைத்த மாதிரி. ஹோஸ் வைத்துக் கழுவினேன். கிழங்கு மணிக்கட்டு மொத்தம், இஞ்சி மாதிரி அங்கங்கே கிளை. பழைய பாகம் கறுத்துப் போய், கொழகொழவென்று, ஒரே நாற்றம்.

கத்தியை வைத்ததும் கை நின்றது. கொஞ்ச நேரம்தான். இந்தக் கிழங்கை அவள் வெட்டின ரெண்டு தடவையும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது நான். படித்தது அஞ்சாங்கிளாஸ். ஆனால் கண்ணால் பார்த்தது மறக்காது எனக்கு.

வெட்டினேன்.

பழைய இலையையும் அழுகினதையும் அறுத்துத் தூக்கி எறிந்தேன். முளைக்கண்ணோடு மூன்று துண்டு தேறியது. அகலமான பேசின் மூன்று, அதில் களிமண் கலந்த தோட்டத்து மண். கிழங்கை ஓரத்தில் சாய்த்து வைத்து, முளைக்கண் நடுவைப் பார்க்க, தலை மண்ணுக்கு மேலே தெரிய விடணும். தலையைப் புதைத்தால் அழுகிவிடும். உர மாத்திரையைப் பேப்பரில் சுருட்டி, விரலால் ஆழமாக அமுக்கி, மண் மூடினேன். மீன் கிளறாமல் இருக்க மேலே சரளைக்கல். பேசின்களைக் குளத்துக்குள் செங்கல் மேல் உட்கார வைத்தேன். இலை வளர வளர ஒவ்வொரு செங்கலாக உருவணும்.

சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். குளத்தில் இலையே இல்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? அவ வெச்சது அது ஒண்ணுதான் இருந்துச்சு!"

"மொதல்ல வெச்சது எங்க இருக்கு மாப்பிள்ளை? அவளே ரெண்டு தடவை வெட்டியிருக்கா. ஒரு துண்டைப் பக்கத்து வீட்டு டீச்சருக்குக் குடுத்தா. நீங்க ஆபீஸ்ல இருந்தப்போ."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருப்பா. நீங்க போனைப் பார்த்துக்கிட்டே 'ம்'னு இருப்பீங்க."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு வாய் நீளம். அவர் முகம் போன போக்கு —

ஏப்ரல் 20

பேச்சு இல்லை. "சாப்பிட வாங்க" என்றால் வருகிறார். சாப்பிடுகிறார். எழுந்து போகிறார். உர டப்பாவை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

ஏப்ரல் 24

டீச்சர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா, குளம் மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார்.

"மொட்டைன்னா முடி முளைக்கும் டீச்சர்."

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முளைக்கலேன்னா? எம்பொண்ணு வெச்சதை நானே வெட்டிக் கொன்னேன்னு ஆயிடும்ல?

மே 2

ஒரு துண்டு பிடுங்கிக்கொண்டு மிதந்தது. அழுகல். எடுத்துப் போட்டேன். மறைக்கவில்லை. "ஒண்ணு போச்சு மாப்பிள்ளை. ரெண்டு இருக்கு" என்றேன்.

மே 5

சுருண்டபடி ஒரு சிவப்பு இலை. சுண்டுவிரல் அளவு. மேலே வருது!

மே 6

அடுத்த பேசினிலும். நான் சொன்னேன்ல?

மே 19

தண்ணீர் தெளிந்துவிட்டது. மீன் அஞ்சும் இருக்கு.

காலையில் மாப்பிள்ளை பேண்டை மடித்துவிட்டுக் குளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"காம்பு நீண்டுருச்சு, செங்கல் ஒண்ணை எடுக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க."

வீட்டில் மாமியார் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், டீச்சரைப் போய்க் கேட்டிருக்கிறார். கோபம் வரவில்லை. "எடுங்க. மெதுவா. ஒண்ணே ஒண்ணுதான்."

ஜூன் 1

உரம் வைக்கிற நாள். டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன். மாத்திரையை அவரே பேப்பரில் சுருட்டினார், மிட்டாய் மடிக்கிற மாதிரி. அவரே இறங்கி அமுக்கினார். முழங்கை வரைக்கும் சேறு. நான் கரையில் நின்று அதிகாரம் பண்ணினேன்.

ஜூன் 11

மொட்டு. ஒன்று.

ஜூன் 16

இந்தப் பூ பத்து மணிக்கு மேல்தான் விரியும், மூணு மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். ஆபீஸ் போகிறவங்க கண்ணில் படாது. பதினொரு மணிக்கு கேட் சத்தம். மாப்பிள்ளை.

"தலைவலின்னு சொல்லிட்டு வந்தேன் அத்தை."

தலைவலிக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குளத்தடிக்குப் போனார். சாப்பாட்டை ரெண்டு தட்டில் போட்டு அங்கேயே எடுத்துப் போனேன். ரொம்ப நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இந்தக் கிழங்கை வெட்டும்போது அவ அழுதாளா?"

"அழுகையா? பாடிக்கிட்டேதான் வெட்டுவா. அவ குரலுக்கு மீனெல்லாம் அடியில போய் ஒளிஞ்சுக்கும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன பாட்டு என்று கேட்டார். எனக்கு வந்த மட்டும் பாடிக் காட்டினேன்.

பூ மூணு மணிக்கு மூடிக்கொண்டது. நாங்கள் எழுந்திருக்க நாலரை ஆயிற்று.