அம்மா கழற்றிய பல்பு

என் ஆசை அப்பாவுக்கு, லயத்து சனமெல்லாம் ‘கரண்டு சவரிமுத்து’ என்று கூப்பிட்ட என் ராசாவுக்கு,

நேற்று நம்முடைய லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்டு கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, மைக் வைத்து, டவுனிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்து, “இந்த லயத்து மக்கள் இன்றைக்குத்தான் முதன்முதலாக மின்சார வெளிச்சத்தைப் பார்க்கப் போகிறார்கள்” என்றார். அந்த மைக்கைப் பிடுங்கி அவர் மண்டையிலேயே போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்தும் விட்டேன். ஆனால் எனக்கு முன்னால் அம்மா எழுந்து நின்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நான் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன் அப்பா. நீங்கள் மட்டும் படித்தால் போதாது. உங்களைக் கொன்றவர்களும் படிக்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் யாராவது வாசித்துக் காட்டட்டும்.

உங்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேயிலைப் பேக்டரியில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பிரித்து, பிஸ்கட் டின்னுக்குள் வைத்துத் திரும்பப் பூட்டி, முன்பை விட மோசமாகப் பாட வைத்தவர் நீங்கள். நோட்டன் பிரிட்ஜ் மின் நிலையத்திலிருந்து போகிற பெரிய கரண்டுக் கம்பி நம் தலைக்கு மேலாகத்தான் போனது. கீழே ஒற்றை அறை வீடுகளான பத்துக் காம்பராவிலும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. மழை நாளில் வாசலில் நின்று அந்தக் கம்பியை நீங்கள் முறைத்துப் பார்ப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த முறைப்பு எங்கே போய் முடிந்தது? நத்தார் பண்டிகைக்குத் துணி எடுக்க ஹட்டனுக்குப் போனவர், காசிம் நானாவின் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லொறி டைனமோவைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். சாக்கில் ஒரு குவியல் லொறி பல்பு வேறு. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “இதக் கட்டிக்கிட்டா நான் பூசைக்குப் போறது?”

“ஒரு மாசம் பொறு புள்ள. நம்ம லயத்துக்கே வெளிச்சம் வரும்” என்றீர்கள்.

வந்தது. மேட்டு ஓடையில் மரச் சக்கரம் சுழன்றது, டைனமோ முனகியது, வேலிக் கம்பி வழியாகப் பத்துக் காம்பராவிலும் மஞ்சள் வெளிச்சம் வந்தது. ஆனால் சுவிட்ச் கிடையாது. மாலையில் நீங்கள் மேட்டில் உட்கார்ந்து, கீழே எரிகிற பல்புகளைப் பார்த்தபடி மடைப் பலகையை ஏற்றி இறக்கித் தண்ணீரைச் சரி பண்ணுவீர்கள். எரிந்தால் எல்லா வீட்டிலும் எரியும், அணைந்தால் எல்லா வீட்டிலும் அணையும். “ஒரு பல்பையும் யாரும் கழட்டப்படாது. ஒண்ணு கழண்டா அதோட பங்கும் மத்ததுக்குப் போய்ச் சேரும். தாங்காம வெடிச்சிரும்” என்று காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னீர்கள்.

தம்பி பிறந்ததும் உங்களுக்கு அடுத்த கிறுக்கு. காம்பராவுக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர்க் கானில் ஒரு சின்னச் சக்கரம் வைத்து, கயிறு கட்டி, தொட்டிலைத் தானாக ஆட வைத்தீர்கள். இரண்டு நாள் லயமே வந்து வேடிக்கை பார்த்தது. மூன்றாம் நாள் மழை கொட்டியது, கான் பொங்கியது, தொட்டில் கூரையைத் தொடப் போனது. அம்மா பாய்ந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு, அகப்பையால் உங்கள் முதுகில் போட்ட போடு பக்கத்துக் காம்பரா வரை கேட்டது. நீங்கள் முதுகைத் தடவிக்கொண்டே, “தண்ணிக்கு அறிவு கெடையாது புள்ள, அதான்” என்றீர்கள்.

அன்றைக்குத்தான் வாளி யோசனை வந்தது. ஒரு வாளித் தண்ணீருக்குள் கம்பிச் சுருளை முக்கி வைத்தால், கழன்ற பல்புகளின் பங்கு அந்தத் தண்ணீரைச் சுட வைப்பதிலேயே போய்விடும், மற்ற பல்புகள் பிழைக்கும், அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் சுவிட்ச் போடலாம் என்றீர்கள். பாதிச் சுருள் சுற்றி முடித்திருந்தீர்கள். அதற்குள் தமிழர்களை வெட்டி எரிக்கிற கலவரம் வந்துவிட்டது.

அந்த மாலையை உங்களுக்கே நான் சொல்ல வேண்டுமா? மேட்டிலிருந்து நீங்கள் பார்த்தது ஒன்று, லயத்துக்குள் நடந்தது ஒன்று. அதனால் சொல்கிறேன்.

இன்ஜின் ரூமில் உங்களோடு வேலை பார்த்த சிங்கள மெக்கானிக் குணதாச பாஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார். “முத்து, ரெண்டு லொறி வருது. எல்லாம் குடிச்சிருக்கு. யன்ட, சீக்கிரம் யன்ட” என்றார். போ, போ என்று நம்மைத் துரத்தினார். கீழ்த் தோட்டத்தில் ஏற்கெனவே புகை கிளம்பியிருந்தது. நீங்கள் பதறவில்லை. எல்லோரையும் வாசலில் கூட்டிச் சொன்னீர்கள்: “மலையத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கிருங்க. நான் மடையத் தொறந்துட்டுப் பின்னாலயே வாறேன். லைட்டு எரிஞ்சா உள்ள ஆளு இருக்குன்னு நெனச்சு ஒவ்வொரு கதவா ஒடைப்பானுங்க. இருட்டா இருந்தா நேரா தேயிலைக்குள்ள பந்தத்தோட தேட வந்துருவானுங்க.”

அவ்வளவுதான். அது நல்ல திட்டம் அப்பா. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நினைத்துவிட்டீர்கள். நம்முடைய பெண்களை நீங்கள் நினைக்கவில்லை.

உயிர் பிழைக்க ஓடுகிற பெண் எதை எடுப்பாள்? அரிசிக் கூப்பன், பிள்ளையின் சட்டை, மாதா படம். அதற்கடுத்து, அந்த வீட்டில் இருக்கிற ஒரே அருமையான சாமான். அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி ஒரு கையை உயர்த்தி, பல்பைத் திருகி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பக்கத்துக் காம்பராவிலும் அதையே செய்தார்கள். கொள்ளைக்காரன் கைக்குப் போகக் கூடாது என்ற ரோசம் எல்லோருக்கும். நீங்கள் கண் போலப் பார்க்கச் சொன்ன பல்பை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை.

பாதி மலையில் நான் திரும்பிப் பார்த்தேன். மிச்சமிருந்த பல்புகள் மஞ்சளிலிருந்து வெள்ளையாகி, ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தன. லயம் இருண்டுகொண்டே வந்தது. கடைசிக் காம்பராவில் மட்டும் ஒரே ஒரு பல்பு நின்றது. அந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை, கதவு பூட்டியிருந்தது, பல்பைக் கழற்ற ஆளில்லை. அது பளீரென்று ஏறியது, சட்டென்று தணிந்தது, பிறகு ஒரே சீராக எரிந்தது. நீங்கள் மடைப் பலகையைக் கையிலேயே பிடித்துக்கொண்டீர்கள் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பின்னாலேயே வருவதாகச் சொன்னவர் இனி வர முடியாது. கையை எடுத்தால் அந்த ஒன்றும் போய்விடும்.

லொறிகள் வந்தன. அவர்கள் அந்த வெளிச்சத்தைத்தான் சுற்றி வளைத்தார்கள். கல் எறிந்தார்கள். ஆளில்லாத வீட்டைப் பார்த்து வெளியே வா, வா என்று கத்தினார்கள். கதவை உதைத்து உடைத்தார்கள். ஒருத்தரும் இல்லை என்று தெரிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். வரிசையாகப் பத்துக் காம்பராவும் எரிந்தது. கூரைத் தகரம் வெடித்து எகிறியது. கோழிகள் கத்திய கத்தல் மலை உச்சி வரை கேட்டது. அதற்குள் எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேர் மலையைத் தாண்டிவிட்டார்கள்.

அப்போதுதான் ஒருவன் பந்தத்தை உயர்த்திக் கம்பியைப் பார்த்தான். இந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிற அளவுக்கு அவனுக்கு மூளை இருந்திருக்கிறது, பாவி. பந்தங்கள் ஒன்றன் பின் ஒன்றாக உங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறின. நான் ‘அப்பா’ என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். நான் அவள் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தும் அவள் கையை எடுக்கவில்லை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மறுநாள் குணதாச பாஸ்தான் உங்களைக் கண்டெடுத்தார். கவ்வாத்துக் கத்தியால் வெட்டியிருந்தார்கள். தேயிலையை வெட்டுகிற கத்தி. தோளிலும் கழுத்திலும் தலையிலும் வெட்டு. ஓடையருகே இல்லை நீங்கள். கீழே, ரோட்டுப் பக்கம் கிடந்தீர்கள். மேலே நாங்கள் இருந்தோம், அதனால் கீழே ஓடியிருக்கிறீர்கள், இல்லையா அப்பா? பாஸ் தன் சாரத்தை அவிழ்த்து உங்களைப் போர்த்திவிட்டு, உள்காற்சட்டையோடு நின்று அழுதார். அவருடைய ஆட்கள் அவரைத் துரோகி என்று திட்டினார்கள். அவர் அசையவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சுத்தான். “நாந்தான் கொன்னேன். நான் அந்தப் பல்பக் கழட்டாம இருந்திருந்தா அந்த மனுசன் நம்ம பின்னாலயே வந்திருக்கும்.” பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார், குணதாச பாஸ் சொல்லிப் பார்த்தார், நான் சண்டை போட்டே பார்த்தேன். “பல்பு யாரயும் வெட்டாதும்மா. வெட்டுனது கத்தி. அதப் புடிச்சவன் டவுன்ல தின்னுட்டுத் தூங்குறான். நீ இங்க கெடந்து சாகுற” என்று கத்தினேன். அவள் காதில் ஏறவில்லை. திருப்பிக் கட்டிக் கொடுத்த காம்பராவில் குப்பி விளக்குதான். பல்பை மட்டும் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள், ஒவ்வொரு தடவை அரிசி அள்ளும்போதும் கையில் படட்டும் என்று. தண்டனையை இப்படியா ஒரு பொம்பளை தனக்குத் தானே போட்டுக்கொள்வாள்?

இனி நேற்றைய கதை. எழுந்து நின்ற அம்மா, “ஐயா, பொறுங்க” என்றாள். “மொத வெளிச்சம் இது இல்லிங்க. இந்தப் பத்துக் காம்பராவுலயும் முந்தியே எரிஞ்சிச்சு. எம் புருசன் போட்டாரு.”

வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தார். “அப்படியா அம்மா? நல்லது, நல்லது. அவர் எங்கே, மேடைக்கு வரச் சொல்லுங்கள்” என்றார்.

“வெட்டிக் கொன்னுட்டானுங்க” என்றாள் அம்மா. “லொறியில வந்தவனுங்க. அந்தா, அந்த ரோட்டுலதான் கெடந்தாரு.”

‘நாந்தான் கொன்னேன்’ என்று மட்டுமே சொல்லி வந்த அவளுடைய வாயிலிருந்து இத்தனை வருடத்தில் இந்தப் பேச்சு வந்ததே இல்லை. அவள் யாரையும் பார்க்காமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அந்த மனிதர் மைக்கைக் கீழே வைத்தார். அவர் மண்டையை நான் மன்னித்துவிட்டேன்.

பொழுது சாய்ந்து நான் உள்ளே போனபோது அம்மா சுவரில் இருந்த சுவிட்சின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போட்டாள். எரிந்தது. அணைத்தாள்.

“அடுத்த வீட்டுல எரியுதா பாரு” என்றாள்.

வெளியே போய்ப் பார்த்தேன். “எரியுதும்மா.”

“அதுக்கடுத்த வீட்டுல?”

“எல்லா வீட்டுலயும் எரியுது. ஒண்ணும் வெடிக்கல.”

மறுபடி போட்டாள், அணைத்தாள். மறுபடி என்னை அனுப்பினாள். எத்தனை தடவை போய் வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் இருட்டிலேயே உட்கார்ந்து, உங்களைப் புதைத்த அன்று அழாத அழுகையை நேற்று அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கடித்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா, எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அது அடங்க வேண்டும் என்று நான் செபிப்பதும் இல்லை. ஹட்டனில் ரேடியோ திருத்துகிற கடையில் வேலை பார்க்கிறேன், உங்கள் கை எனக்கு வந்திருக்கிறது என்று காசிம் நானா சொல்கிறார். நீங்கள் பாதியில் விட்ட சுருளை நான் மீதியும் சுற்றுவேன். மேட்டு ஓடையில் சக்கரத்தைத் திரும்ப நிறுத்தி, பக்கத்திலேயே அந்த வாளியை வைப்பேன். அரிசி டின்னில் இருக்கிற பல்பை அம்மா தன் கையாலேயே மடைக்கு மேலே மாட்டுவாள், தன் கையாலேயே கழற்றவும் செய்வாள். இந்தத் தடவை எதுவும் வெடிக்காது, வாளித் தண்ணீர்தான் சுடும். இது என் வாக்கு.

உங்கள் பிடிவாதத்தில் பாதியும் அம்மாவின் அகப்பைக் கையும் வாய்த்த,
உங்கள் மூத்த மகள்
ரெஜினா