முழு டிஸ்க்கும் ஒரு ஃபோல்டரும்

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டுடியோவில் நாலாவது மாதம். கல்யாணப் படங்களில் மங்கலானவை, கண் மூடியவை எல்லாவற்றையும் நீக்குவது என் வேலை. பத்தாவதோடு நின்றவளுக்கு இது போதும் என்கிறாள் அம்மா. போதுமா?

சர்வர் பார்த்துக்கொள்ளும் பாபு அண்ணன் வந்திருந்தார். தினமும் காலை ஆறு மணிக்கு முழு டிஸ்க்கும் அப்போதிருந்தபடி ஸ்னாப்ஷாட்டாகப் பதிகிறது. ஃபோல்டர் வாரியாகவும் எடுக்கலாமே என்றார்.

"அதெல்லாம் எதுக்கு நைனா? ஒரே பட்டன், காலைல இருந்தது அப்டியே திரும்பி வந்துடும். எனக்கு அதான் புரியுது," என்றார் முதலாளி திருவேங்கடம் அண்ணன்.

"ஒரு படம் மட்டும் வேணும்னா பழச தனியா தொறந்து தேடணும், அண்ணா. சுத்து வேலை," என்றார் பாபு அண்ணன்.

எனக்குப் புரிந்தது. யாரிடம் சொல்ல?

ஜூன் 12, வியாழன்

ஐயோ. நான்தான். நான்தான் பண்ணேன்.

நசரத்பேட்டைக் கல்யாணம். தாலி ஏறும்போது பொண்ணு கண்ணை மூடியிருந்தாள். காலையில் அந்தப் பதினொரு படங்களையும் தூக்கிவிட்டேன். மூன்று மணிக்கு அவளே, தேவிப்பிரியா, போன் செய்தாள்: "நான் கண்ண மூடிக்கினு கும்புடுறேன்ல, அதத்தான் பெருசா போடணும்." கேமரா கார்டு என்றைக்கோ அழித்தாயிற்று.

திருவேங்கடம் அண்ணன் சர்வர் முன் உட்கார்ந்தார். "ஒண்ணும் ஆவாது. காலைக்கே திருப்பிடலாம்."

திருப்பினால்? ரேணுகா அக்கா காலையிலிருந்து வடிவமைத்த முப்பது ஆல்பம் பக்கங்கள் போய்விடும். பதினொரு மணிக்கு ஏற்றிய வேலப்பன்சாவடி ரிசப்ஷன் படங்களும் போய்விடும். அந்தக் கார்டையும் அழித்துவிட்டோம். அக்கா டீ குடிக்கப் போயிருந்தாள். தப்புப் பண்ணின நானே எப்படித் தடுப்பது? அவர் விரல் மவுஸ் மேல் —

"அண்ணா, வேணாம்!"

"இன்னாம்மா சாமுண்டீஸ்வரி, உனக்குப் பேச வருமா?"

அழுதுகொண்டே சொன்னேன். விரலை எடுத்துவிட்டார். பாபு அண்ணனைப் போனில் பிடித்து என் கையில் கொடுத்தார். காலை ஸ்னாப்ஷாட்டைத் தனியாகத் திறந்து, பதினொரு படங்களை மட்டும் எடுத்தேன். பட்டன் என்றால் ஒரு நிமிடம். இது ஒன்றரை மணி நேரம். ஆனால் யார் வேலையும் போகவில்லை.

"என் பக்கம் மட்டும் போயிருந்தா உன்ன அப்பளமா நொறுக்கியிருப்பேன்டி," என்று அக்கா தன் பஜ்ஜியில் பாதி கொடுத்தாள்.

ஜூன் 16, திங்கள்

இனி மணிக்கொரு முறை ஃபோல்டர் வாரியாகவும் பதியும். அப்போ முழு டிஸ்க் வேணாமே என்றார் திருவேங்கடம் அண்ணன். வேண்டும் என்றேன். நானா! ஒரு ஃபோல்டரை மட்டும் பழையதாக்கினால் படம் ஒரு நேரத்தது, எந்தப் படம் எங்கே என்று குறித்திருக்கும் ஆல்பம் பட்டியல் வேறு நேரத்தது; ரெண்டும் பொருந்தாது. முழு டிஸ்க்கில் எல்லாம் ஒரே நொடி.

"கரெக்டு தங்கச்சி," என்றார் பாபு அண்ணன். "ஆனா சர்வரே போச்சுன்னா ரெண்டும் போச்சு. வெளிய ஒரு காப்பி வெச்சுக்கோ."

ஜூன் 18, புதன்

காலை ஆறு மணி போதாது, மதியமும் ஒரு முழு ஸ்னாப்ஷாட். ஆனால் சேமித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பாதிப் பக்கம்தான் பதியுமாம். எல்லோரையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். யார் சொல்வது?

ஜூன் 25, புதன்

ஒரு மணி. "எல்லாரும் சேவ் பண்ணிட்டு க்ளோஸ் பண்ணுங்க!" — என் நாற்காலியிலிருந்தே நான்தான் கத்தினேன்.

ரேணுகா அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அண்ணன் போனில் யாரிடமோ, "அப்புறம் பேசறேன் மாமே, எங்க சாமுண்டீஸ்வரி வேலைய நிறுத்தச் சொல்லுது," என்றார். நிறுத்தினார்.