லஸார் வீட்டு ஆண்டெனா

ஒர்ஹேய்,
சனிக்கிழமை

அன்புள்ள ராயாவுக்கு,

எஃப்ரிம் எழுதிக்கொள்வது. உடம்பு சுகம். மனசு சுகமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். நீயும், நீ பார்த்துக்கொள்கிற சிஞ்ஞோரா கிழவியும் இத்தாலியில், பிரெஷாவில் நலமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். நம் மகள் தொரினா கிஷினாவில் நன்றாக இருக்கிறாள். பேரனுக்குப் பல் முளைத்து, தூக்குகிற ஆளையெல்லாம் கடிக்கிறானாம். பாட்டியின் குணம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். நான் மறுத்துப் பேசவில்லை.

இதை, அங்கே பார்சல் ஏற்றிக்கொண்டு வருகிற நிக்கிஃபோரின் வேனில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பார்சலும் வரும். ஆட்டுப்பால் சீஸை உப்புத்தண்ணீரோடு டப்பாவில் போட்டிருக்கிறேன், சாய்த்துவிடாதே. உரித்த வால்நட், பிளம் ஜாம், நம் திராட்சையில் நானே போட்ட வைன் ஒரு பாட்டில். கிழவிக்கு வைன் கொடுக்காதே, பிறகு அவளும் பாட ஆரம்பித்துவிடுவாள்.

ஊரே நொடியில் பேசிக்கொள்ளும்போது இவன் மட்டும் ஏன் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று நினைப்பாய். வீட்டில் இப்போது இன்டர்நெட் கிடையாது. இருந்ததை நானே போக்கடித்தேன். ஃபோன் போட்டால் நீ எடுப்பதில்லை. ஆகவே வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தேன். கோபமாக இருந்தாலும் முழுசாகப் படி.

ஆரம்பம் உனக்குத் தெரியும். நீ லேப்டாப் அனுப்பினாய். தனி லைனுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடந்தேன். அப்போது பக்கத்து வீட்டு லஸாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "எதுக்கு எஃப்ரிம் ஆளுக்கொரு லைன்? என் லைன்ல ஒரு ரவுட்டரை மாட்டினா ரெண்டு வீட்டுக்கும் போதும், மாசச் செலவைப் பாதியாப் போட்டுக்குவோம்" என்று வந்து நின்றான். நான் யோசிக்கலாம் என்றேன். ஆனால் உன்னிடம் ஃபோனில் சொன்னதும், "லஸாரா? அவன் பள்ளிக்கூடத்துலயே கெட்டிக்காரனாச்சே, அவன் சொல்ற மாதிரி செய்யி" என்றாய். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பில் நானும்தான் இருந்தேன். என்னை எதற்காக நினைவு வைத்திருக்கிறாய் என்று இருபத்தைந்து வருஷத்தில் ஒருநாள்கூட நீ சொன்னதில்லை.

சரி, ரவுட்டர் வந்தது. உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பெட்டி, முதுகில் ஒரு குச்சி ஆண்டெனா. அவன் சமையலறையும் நம் சமையலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன அல்லவா, அந்தச் சுவரோரம் பலகை அடித்து அதன்மேல் வைத்தான். ஒயரைச் செருகியதும் பச்சை விளக்குகள் எரிந்தன. நான் லேப்டாப்பைத் தட்டுபோல ஏந்திக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன். நடைவாசலில் ஒரு கோடு சிக்னல், படுக்கையறையில் அதுவும் இல்லை. சமையலறையில் சுத்தம். "இந்தச் சுவரைக் கட்டினவங்க அணுகுண்டுக்குப் பயந்து கட்டினாங்க. உள்ள பூரா கம்பி. வைஃபை எங்கிருந்து நுழையும்?" என்று லஸார் உதட்டைப் பிதுக்கினான்.

யோசனை சொன்னது நான்தான். அவனை விட நான் கெட்டிக்காரன் என்று உனக்குக் காட்ட வேண்டாமா? பஸ் டிப்போவிலிருந்து பெரிய டிரில்லைக் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே சுவரை அந்தப் பக்கம் வரை துளைத்தேன். உன் நீலப்பூ டைல் ஒன்று விரிசல் விட்டுவிட்டது, அதற்காகப் பிறகு திட்டு. லஸார் ஆண்டெனாவை அந்த ஓட்டையில் செருக, அதன் நுனி நம் அடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தது. லேப்டாப்பில் சிக்னல் முழுசாக ஏறியது. அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் ஆளுக்கொரு கிளாஸ் வைன் குடித்தோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

லைன் சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன் என்று அவன் தன் கம்ப்யூட்டரிலிருந்து உன்னை முதலில் கூப்பிட்டான். நான் இங்கே லேப்டாப்பில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. நீ வேன் ஏறிப் போன பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை. ஃபோனில் என்னிடம் அழுதிருக்கிறாய், கேஸ் பில் கட்டியாச்சா என்று கேட்டிருக்கிறாய், உள்பனியன் போட்டாயா என்று அதட்டியிருக்கிறாய். சிரித்ததில்லை. பிறகு என் முறை வந்தபோது, அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "அது ஒண்ணுமில்ல, நான் இத்தாலிக்காரி மாதிரி ஆயிட்டேனாம், அடுத்து கைய ஆட்டி ஆட்டித்தான் பேசுவேனாம்" என்றாய். இதற்கா அப்படி ஒரு சிரிப்பு? எரிகிறது ராயா. வயிறு எரிகிறது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமே இல்லை.

அதற்குப் பிறகு அந்த ஆண்டெனா நுனியைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. உருளைக்கிழங்கு வதக்கும்போதும் அது என்னையே பார்க்கும். அவன் வீட்டுக் குச்சி என் வீட்டுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதை எந்த ஆம்பிளை பொறுப்பான்? பாஸ்வேர்டைக்கூட அவன்தான் தட்டினான், என் கண்ணில் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டு. டிப்போவில் மித்ரோஃபானிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல விசாரித்தேன். அவன், "எல்லாம் அந்தப் பெட்டி வழியாத்தானே போகுது? பெட்டிக்காரன் நெனச்சா உக்காந்து சினிமா மாதிரி பாப்பான்" என்று சொல்லிவிட்டு டயரைக் கழற்றப் போய்விட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஏன் உன்னிடம் அப்படிப் பேசினேன் என்பது இப்போது புரிகிறதா? மழை பெய்தது, சந்தையில் முட்டைக்கோஸ் மலிவு, மூன்றாம் மாடியில் குழாய் உடைந்தது. வேறு என்ன பேசுவது, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது? "யோவ், நீ என்ன ரேடியோவுல செய்தி வாசிக்கிறியா? பொண்டாட்டிகிட்டப் பேசற மாதிரியா இருக்கு?" என்று நீகூடக் கேட்டாய். என்னை வேறு எவளோ மயக்கிவிட்டாள் என்று தொரினாவிடம் சொல்லி அழுதாயாம். அடிப்பாவி, இந்த மூஞ்சியை எவள் மயக்குவாள்?

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாய், கறுப்புச் சால்வை போட்டிருந்தாய். "கிழவி வீட்டுல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கையெழுத்து கேக்கறாங்க. ஈஸ்டருக்கு வந்து அப்படியே இருந்துரட்டுமா, இல்ல கையெழுத்துப் போட்டுரட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல்லுய்யா" என்றாய். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுப்புக்கு மேலே அந்தக் குச்சி நின்றது. சுவருக்குப் பின்னால் லஸார் காலை நீட்டிக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, நான் உன்னிடம் கெஞ்சுவதை வேடிக்கை பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. அவன் முன்னால் நான் கெஞ்சுவதா? "உன் இஷ்டம்" என்றேன்.

உன் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். நீ "சரி" என்றாய். அந்த நொடியே, ஓட்டை வழியாக லஸாரின் குரல், "அட முட்டாப்பயலே, வரச் சொல்லுடா!" என்று கத்தியது. திரை இருண்டுவிட்டது. இருண்டது முன்னாலா, அவன் கத்தியது முன்னாலா என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டி வழியாக அவன் எதையும் பார்க்கவில்லை ராயா. ஓட்டை வழியாகக் காதால் கேட்டிருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத அலைக்கெல்லாம் பயந்தவன், என் கையாலேயே போட்ட ஓட்டையில் பேச்சும் போகும் என்று யோசிக்கவில்லை. ஆத்திரத்தில் ஆண்டெனாவை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஜிப்சத்தைக் கரைத்து ஓட்டையை அடைத்தேன். "டேய் எஃப்ரிம், சிக்னல் போயிரும்டா!" என்று அங்கிருந்து கத்தினான். போகட்டும் என்றேன். போய்விட்டது.

மறுநாள் காலை படிக்கட்டில் என்னை மறித்தான். "நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. முட்டை பொரிச்சிக்கிட்டு இருந்தேன். நீதான் இத்தாலி வரைக்கும் கேக்கணும்னு தொண்டை கிழியக் கத்தற" என்றான். பிறகு, "என் பொண்டாட்டி வேராவும் போர்ச்சுகல்லேர்ந்து இதே கேள்வியத்தான் கேட்டா. நானும் பெரிய மனுஷன் மாதிரி உன் இஷ்டம்னுதான் சொன்னேன்" என்றான். இப்படிச் சொல்லி என்னைக் கரைக்கப் பார்த்தான். கரைந்தேனா என்று கேட்காதே. கடைசியில், "என் கம்ப்யூட்டர்ல வந்து பேசு, நான் வெளிய நிக்கறேன்" என்று சாவியை நீட்டினான். வாங்கவில்லை. என் பொண்டாட்டியை வரச் சொல்ல நான் அவன் நாற்காலியில் போய் உட்காருவதா? அவன் அயோக்கியனாக இருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான்.

இப்போது என் பயம் எல்லாம் ஒன்றுதான். இந்தக் கடிதம் நிக்கிஃபோரின் வேனில், சீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில், ருமேனியா தாண்டி, ஹங்கேரி தாண்டி, எல்லையில் தூங்கி எழுந்து வர வேண்டும். லஸாருக்கு ஒரு விரல் போதும். இந்நேரம் உனக்கு எழுதியிருப்பானோ? அவன் கத்தியதும் உன் காதில் விழுந்ததோ? விழுந்திருந்தால் அதை மறந்துவிடு. அது பக்கத்து வீட்டுக்காரன் கத்தியது. அவன் சொன்னதைக் கேட்டு நீ வந்து இறங்கினால், ஒவ்வொரு நாளும் உன் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு அவன் குரல்தான் கேட்கும். வாழ்நாள் முழுக்க அந்தக் கடனோடு என்னால் சாப்பிட முடியாது.

இங்கே நான் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன். உன் பக்கத்துத் தலையணை உறையை இன்னும் மாற்றவில்லை, துவைத்தால் வாசனை போய்விடும் என்று. டிப்போவில் பொண்டாட்டி கையால் கட்டின சாப்பாட்டுப் பொட்டலத்தை எவன் பிரித்தாலும் எனக்குப் பொறாமை. நீ குளிப்பாட்டித் தலைவாரிவிடுகிற அந்தக் கிழவி மேலும் பொறாமை. லஸாரை மட்டும் சொல்வது நியாயமில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றால் போய் அதைத் திருப்பிக் கேள், கிழவியின் மகன் முறைத்தால் முறைக்கட்டும். ஈஸ்டருக்கு வா. வந்து இரு. நிக்கிஃபோர் திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. என்றைக்கு வருகிறாய் என்பது எனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

வழியெல்லாம் தேவமாதா உன் கூட வரட்டும்.

இப்படிக்கு,
யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகவே உன்னை வரச் சொல்கிற
உன் புருஷன்
எஃப்ரிம்