நீல இழை

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பத்துச் சிப்பி. மொத்தம் நாற்பத்தெட்டு ஆயிற்று. அத்தனையிலும் நீல இழை. கடலைக் காப்பாற்றப் போகிறேன் என்று வாய்கிழியப் பேசிவிட்டுப் படிக்க வந்தவள் நான். நாள் முழுக்கச் சிப்பிச் சதையைக் கரைத்து, வடிகட்டி, நுண்ணோக்கியில் பிளாஸ்டிக் இழை எண்ணுகிறேன். கடலைக் கண்ணால் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. கழுத்து விட்டுப்போகிறது.

பிப்ரவரி 5, புதன்

என் ஆய்வு வழிகாட்டி மேடம் என் கணக்கைப் பார்த்துச் சிரித்தார். ஆமாம், சிரித்தார்! “என் கட்டுரையிலயும் நீலம்தான் அதிகம். அப்படியே ஒத்துப்போகுது பாரு. மாசக் கடைசியில ஆய்வேட்டைச் சமர்ப்பிச்சுடு. கடல் பாதுகாப்பு மையத்துல உனக்கு வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்.” அந்தக் கட்டுரை அவருடைய ஐந்து வருட உழைப்பு. இந்தத் துறையில் அவருக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

தூங்கினேன். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஐயோ.

கழுவி வைத்த வெறும் தட்டு ஒன்று மதியம் முழுக்க மேசையில் திறந்தே கிடந்தது. சும்மா நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நீல இழை. நான்கு! சிப்பியே இல்லாத தட்டில் எப்படி? குனிந்தால், என் ஆய்வகக் கோட்டின் கைவிளிம்பு பிரிந்து தொங்குகிறது. ஒரு நூலைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தேன். அதேதான். அச்சு அசல்.

கறை தெரியக்கூடாதென்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் நீலப் பாலியெஸ்டர் கோட்டு. மேடத்துக்கும். மேசையில் வெறும் தட்டு ஒன்றைத் திறந்துவைத்து, காற்றில் விழுவதையும் எண்ண வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். இடத்தை அடைக்கிறது என்று ஒருத்தரும் வைப்பதில்லை. இத்தனை நாளும் நான் எண்ணியது கடலையா, என் கோட்டுக் கையையா?

பக்கத்து மேசைத் தோழி ‘வாத்து’விடம் சொன்னேன். (ரப்பர் பூட்ஸ் நடையால் வந்த பெயர்.) அவள் முகம் வெளுத்துவிட்டது. “வாய மூடிட்டு எழுதி முடிடி. நீ சொன்னா உன் வேலை மட்டுமா போகும்? மேடத்தோட அஞ்சு வருஷமும் சேர்ந்து போகும். உன்னைச் சும்மா விடுவாங்களா?”

பிப்ரவரி 11, செவ்வாய்

சொல்லவில்லை. நாளைக்கு.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிட்டேன். தட்டையும் கொண்டுபோனேன். மேடம் நுண்ணோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். “கதவைச் சாத்திட்டுப் போ” என்றார், அவ்வளவுதான். எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?

பிப்ரவரி 18, செவ்வாய்

மேடம் நான்கு நாளாக வரவில்லை. அம்மா போனில், “எப்பம்மா முடியும்? அக்கா லீவு போட்டுட்டு வரேங்கறா.” முடியும்மா, முடியும் என்றேன். வைத்ததும் அழுதேன்.

மார்ச் 4, செவ்வாய்

மையத்து வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. சமர்ப்பிப்பு ஆறு மாதம் தள்ளி. மறுபடி அறுபது சிப்பி. நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

மாலையில் மேடம் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதியது. ‘மாணவர்களின் கவனக்குறைவால்’ என்றுதான் இருக்கும் என்று தேடினேன். ‘என் கவனக்குறைவால்’ என்றிருந்தது.

“தப்பு ஏதாவது இருக்கா பாரு.”

இரண்டாம் பத்தியில் ஆண்டு தவறாக இருந்தது. போயும் போயும் இதையும் நானா சொல்ல வேண்டும்? சொன்னேன்.

“இன்னும் இருக்கும், நல்லா பாரு” என்று பேனாவை என் கையில் கொடுத்தார்.